ஆறு பக்கம் விட்டுப் போட்ட கையெழுத்து

எங்கள் ஊராட்சியில் கிராம சபைக்குக் கூட்டம் சேராது. கையெழுத்து மட்டும் சேரும். சேர்த்துக் கொடுப்பவள் நான்தான்.

நூறு நாள் வேலையில் நான் பணித்தளப் பொறுப்பாளர். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் எழுபது எண்பது பெண்கள் மண் வெட்டிக் கரையில் கொட்டுவார்கள். நான் பேர் கூப்பிட்டு, காலையிலும் மத்தியானத்திலும் அவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்து செல்போனில் ஏற்ற வேண்டும். கால்வாய்க்குள் சிக்னல் கிடைக்காது. கரைமேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? "அக்கா, இன்னும் கொஞ்சம் எட்டிப் புடி, மேகத்துல மாட்டிக்கினு கீது" என்பார்கள்.

கிராம சபைக்கு முந்தின நாள் கிளார்க் என்னிடம் ஒரு பெரிய நோட்டைக் கொடுப்பார். ஊராட்சிச் செயலாளர் என்பது அவர் பதவி. எங்களுக்கு அவர் கிளார்க். நோட்டில் முதல் ஆறு பக்கம் வெறுமையாக இருக்கும். ஏழாம் பக்கத்திலிருந்து நான் கையெழுத்து வாங்க வேண்டும். மறுநாள் கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களை எழுதி அந்த ஆறு பக்கத்தையும் அவர் நிரப்பிக்கொள்வார். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை தீர்மானம் நிறைவேறியது என்று ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் போகும்.

இதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கிராம சபை வருவதே லீவு நாட்களில். ஆறு நாள் மண் சுமந்தவள் ஏழாவது நாள் துணி துவைப்பாளா, சாமியானாவில் உட்கார்ந்து கொசு மருந்தைப் பற்றிக் கேட்பாளா? கையெழுத்துப் போட்டவள் கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை என்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பேரெழுதி ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர் பக்கத்து மக்கள் நீங்கள் என்று வருகிற அதிகாரிகளெல்லாம் மைக்கில் புகழ்வார்கள். அதைக் கேட்கவும் பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஊரில் எனக்குப் போராட்டக்காரி என்று பேர். நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். டவுன் பஸ் காலனி ஸ்டாப்பில் நிற்காமல் ஊர் ஸ்டாப்பில் மட்டும் நின்றுகொண்டிருந்தபோது, ஊர்க்காரி நானும் காலனிப் பெண்களோடு போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். திங்கட்கிழமைகளில் மனுவைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். "இந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல" என்று என் காதுபடவே சொல்வார்கள். சமத்துவம், உரிமை என்று மேடை கிடைத்தால் விளாசுவேன். அப்படிப்பட்ட நான்தான் வெறும் பக்கத்துக்குக் கீழே பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து ரேகை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "என் சைட்டில் ஒருத்தர் பாக்கியில்லை" என்று பெருமை வேறு.

எங்கள் ஊரில் புதன்கிழமை மத்தியானம் சந்தை கூடும். அதில் புங்க மரத்தடியில் நைட்டி, உள்பாவாடை, துண்டு விற்க உத்திரமேரூரிலிருந்து ஒரு அம்மா வருவார். முஸ்லிம். ஷேர் ஆட்டோவில் மூன்று மூட்டையோடு வந்து இறங்குவார். நாங்கள் பாயம்மா என்போம். புருஷன் இல்லை; மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் மூன்று ஊர்ச் சந்தை அவருக்கு. அதில் எங்களுடையதுதான் பெரியது.

பாயம்மாவின் வியாபாரம் ஒரு தினுசு. அளவு கேட்க மாட்டார். ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டைக்குள் கையை விடுவார். "இத்த எடுத்துக்கினு போ. வூட்ல போட்டுப் பாரு. புடிக்கலன்னா அடுத்த வாரம் கொண்டா" என்பார். துவைத்ததையே கொண்டுபோய் மாற்றிக்கொண்ட பெண்கள் எங்கள் ஊரில் உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு முன்பக்கம் ஜிப் வைத்தது, ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்களுக்கு வயிற்றை இறுக்காத பாவாடை என்று யாரும் வாய்விட்டுக் கேட்காமலே கொண்டுவந்து தருவார். ஆம்பிளைகள் கடையில் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அந்த வருஷம் ஊரில் காற்று ஒரு மாதிரி இருந்தது. என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி, ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். பக்கத்து வீடுதான், நடுவில் இடுப்பளவு சுவர். ஊர் வாட்ஸப் குரூப்பை நடத்துவதும் அவன்தான். முன்பெல்லாம் அதில் கரண்ட் போகும் நேரம், மாடு காணோம், கல்யாணப் பத்திரிகை என்று வரும். அப்புறம் வீடியோக்கள் வர ஆரம்பித்தன. எங்கேயோ, எந்த ஊரோ, இந்தியில் யாரோ கத்துவார்கள். எங்கள் ஊரில் இந்தி தெரிந்தவர் ஒருவர் கிடையாது. ஆனாலும் யாரைக் காட்டிக் கத்துகிறார்கள் என்று பார்த்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அவன் கெட்டவன் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மாமனார் படுக்கையில் கிடந்தபோது தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்டவன் அவன்தான். ஆனால் கையில் போனை எடுத்தால் வேறு ஆளாகிவிடுவான். நான் ஏதாவது சொன்னால், "அண்ணி, உங்களுக்கு நாட்டு நடப்பு தெரில" என்று சிரிப்பான். எனக்கா தெரியாது என்று நானும் முறைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சண்டை சுவரைத் தாண்டாமல் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை வழக்கம்போல் கால்வாயில் நோட்டைப் பிரித்து வைத்தேன். மண்ணுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து போட்டார்கள். ரேகை வைப்பவர்களுக்கு மைப்பெட்டி. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. நோட்டைக் கிளார்க் வீட்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கொழுந்தன் சுவர்ப் பக்கம் வந்து நின்றான்.

"தாங்க்ஸ் அண்ணி" என்றான்.

"எதுக்கு?"

"நாளைக்கு ஒரு தீர்மானம் வெக்கறோம். சந்தையில இனிமே உள்ளூர் ஆளுங்க மட்டும்தான் கடை போடணும். அல்லாரும் கையெழுத்து போட்டுட்டாங்களாமே. நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்கன்னு கிளார்க் சொன்னாரு."

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை நிறுத்தவில்லை.

"உள்ளூர் ஆளுன்னா? வெங்காயக்காரர் மாகறல்லருந்து வராரே. கருவாட்டுக்காரம்மா கடலோரத்துலருந்து வராங்களே."

"அவங்களல்லாம் நாம ஒண்ணும் சொல்லப் போறதில்ல அண்ணி. அது சும்மா பேருக்கு எழுதறது. யாருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றான். குரலில் கோபமே இல்லை. கொசு மருந்து அடிக்கப் போகிறோம் என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வந்தது வெட்கம். அந்த எழுபத்து சொச்சம் பேரும் என்னை நம்பிப் போட்டவர்கள். "எங்க போடணும்க்கா?" என்றுதான் கேட்டார்களே தவிர, "எதுக்குப் போடணும்?" என்று ஒருத்தி கேட்கவில்லை. இங்கே தடை போட்டால் மற்ற இரண்டு சந்தைக்காரர்களும் அடுத்த வாரமே இதைக் காட்டி அதையே செய்வார்கள். பாயம்மாவுக்குப் பிழைப்பே போய்விடும். அந்தத் தீர்மானத்துக்குக் கீழே என் கையால் வாங்கிய கையெழுத்து இருக்கும்.

கிளார்க் வீட்டுக்கு ஓடினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"திருப்பிக் குடுத்து இன்னா பண்ணுவ? கிழிப்பியா? பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு சீல் வெச்சிகீது" என்றார்.

"அவங்க அதுக்குப் போடலங்க. வந்ததுக்குதான் போட்டாங்க."

"வராமயே வந்ததுக்குப் போட்டாங்க, அதானே? அத நீ வெளிய சொல்லிக்கினு இருக்காத. முதல்ல உன் வேலைதான் போவும், அப்புறம் என் வேலை." டீயை முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர். "நான் எழுதறவன்மா. யாராவது வந்து வேணாம்னா வேணாம்னு எழுதுவேன். ஒருத்தரும் வாயத் தொறக்கலன்னா ஏகமனதான்னு எழுதுவேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆளுங்கள இட்டாந்து பேசு. எனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஏழாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்களை நிஜமாகவே கூட்டத்துக்கு வரவழைக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது.

இருட்டுவதற்குள் முடிந்தமட்டும் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டிலேயே அடி.

"கையெழுத்துதான் போட்டாச்சேக்கா. மறுபடியும் இன்னாத்துக்கு வரணும்?"

இரண்டாவது வீட்டில் நாளைக்கு விருந்தாளி. மூன்றாவது வீட்டில், "அவரு திட்டுவாரு." நான்காவது வீட்டுக்காரி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வந்தா இன்னா குடுப்பாங்க?" என்றாள். மிட்டாய் என்றேன். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் உரிமை என்றேன், சட்டம் என்றேன், எல்லா மதமும் ஒன்று என்றேன். மேடையில் கைதட்டல் வாங்கிய வார்த்தைகள்தான். வாசலில் நின்று சொன்னால் எனக்கே ஏதோ பிரசங்கம் மாதிரி கேட்டது.

காலனிக்குப் போனபோது விளக்கு வைக்கிற நேரம். பஸ் மறியலில் என்னோடு முதல் ஆளாக நின்றவள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். வேலைத்தளத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப இந்தம்மாவா?" என்றாள். "நாளைக்கு நாங்க கீரைக் கூடைய சந்தையில எறக்கக் கூடாதுன்னு ஒரு நோட்டு வரும். அதுக்கும் நீயே வந்து எங்க கையால ரேகை வாங்கிக்கினு போவ."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பு பண்ணிட்டன்னு சொல்றியா?"

"பண்ணிட்டேன்."

"சரி, வா. எங்க ஆளுங்கள நான் பாத்துக்கறேன். உங்க தெருவுல போயி உரிமை அது இதுன்னு பேசாத. எவளும் வரமாட்டா. நைட்டி கெடைக்காதுன்னு சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய அநியாயத்தை நைட்டிக்கு இறக்குவதா? ஆனால் வேறு வழியில்லாமல் ஊர்த் தெருவில் திரும்ப முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். "இனிமே பாயம்மா வரமாட்டாங்க. நைட்டி வேணும்னா டவுனுக்குப் போயி கடையில கேட்டு வாங்கிக்கோ. அங்க அளவு எடுக்கறதே ஆம்பள" என்றேன். சாத்திய கதவெல்லாம் திறந்தது. "யாரு சொன்னது அப்படி?" என்று அந்த நான்காவது வீட்டுக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி முடிந்ததும் ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரில் சாமியானா. இருபது நாற்காலி போட்டிருந்தார்கள், எப்போதும் பாதி காலியாக இருக்கும் இருபது நாற்காலி. பதினோரு மணிக்கு நான் போனபோது ஒன்பது பேர் இருந்தார்கள். தலைவர், கிளார்க், ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க அனுப்பிய அதிகாரி. முன்வரிசையில் கொழுந்தனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும். அவன் மனைவி, என் ஓரகத்தி, ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பத்து நிமிஷம் கழித்துக் காலனிப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். வேலைக்கு வருகிற மாதிரியே வரிசையாக வந்தார்கள். நாற்காலியைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்காரப் போனார்கள். "நாற்காலி காலியாத்தானே கீது" என்று முன்னால் வந்த என் மறியல் தோழி அதட்டியதும் அதில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஊர்த் தெருவிலிருந்து இரண்டு பேர், நாலு பேர், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஒருத்தி. சாமியானாவுக்கு வெளியே வெயிலில் நிற்கும் அளவுக்குக் கூட்டம். தலைவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் வானத்தைப் பார்த்தார். அதிகாரி ஆச்சரியத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொள்கைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், நைட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. வந்தார்களே என்றிருந்தது.

குடிநீர், தெருவிளக்கு, கொசு மருந்து என்று கிளார்க் விரைவாகப் படித்துக்கொண்டே வந்தார். சந்தை வந்தபோது இன்னும் வேகமாகப் படித்தார். "வாரச் சந்தையில் உள்ளூர் வியாபாரிகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்குவது என ஏகமனதாக" என்று வரும்போது நான் எழுந்துவிட்டேன். எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அங்கெல்லாம் மற்றவர்கள் செய்த தப்பைப் பேசினேன்.

"ஏகமனதுன்னு எழுதாதீங்க. அந்தக் கையெழுத்து நேத்து நான் வாங்கிக் குடுத்தது. எதுக்குன்னு சொல்லாம வாங்கினேன். அது என் தப்பு. போட்டவங்க அல்லாரும் இப்ப இங்க கீறாங்க. அவங்களையே கேளுங்க."

கிளார்க்கின் முகம் வெளுத்தது. வேலை போய்விடும் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சொன்னதை விழுங்க முடியாது.

கொழுந்தன் எழுந்தான். "அண்ணி, வூட்ல பேசிக்கலாம்."

"வூட்டு விஷயமா இருந்தா வூட்ல பேசலாம்ப்பா. இது சந்தை விஷயம்."

அதற்குமேல் நான் பேசத் தேவையிருக்கவில்லை. எனக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூர் ஆள் மட்டும் என்றால் வெங்காயம் எந்த உள்ளூரில் விளைகிறது என்று ஒருத்தி கேட்டாள். கடலை ஊருக்குக் கொண்டுவந்து கருவாடு போடப் போகிறார்களா என்று இன்னொருத்தி. "அவங்களல்லாம் விட்டுடுவோம்னு சொல்றாங்களே, அப்ப யாரத்தான் புடிக்கப் போறீங்க? பேரச் சொல்லி எழுதுங்க, பாப்போம்" என்றாள் அந்தக் காலனிக்காரி. கொழுந்தனின் கூட்டாளி ஒருவன் ஏதோ வீடியோவைப் பற்றி ஆரம்பித்தான். அடுத்த மாதம் பிரசவம் என்றேனே, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அந்த வீடியோல கீறது எங்க பாயம்மாவா? இல்லல்ல? அப்ப உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி கையைத் தூக்கச் சொன்னார். தீர்மானம் வேண்டும் என்பவர்கள் முன்வரிசையில் ஐந்து பேர். வேண்டாம் என்பவர்கள் என்றதும் சாமியானா முழுக்கக் கைகள். வளையல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் ஓரகத்தி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பொருள் கைவிடப்பட்டதுன்னு எழுதிடுங்க" என்றார் அதிகாரி. தலைவர் விட்டால் போதும் என்று எழுந்தார். பெண்கள் எழுந்திருக்கவில்லை.

"எழுதிட்டுப் படிங்க. கேட்டுட்டுப் போறோம்" என்றாள் காலனிக்காரி.

கிளார்க் எழுதினார். படித்தார். "இன்னொரு தபா" என்றார்கள். மறுபடி படித்தார். அதன் பிறகுதான் கலைந்தார்கள். போகும்போது மிட்டாயை மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு அன்று உடம்பே லேசாகிவிட்டது. என் வேலை போகவில்லை. கிளார்க் என்னைப் பார்த்து, "நல்லா மாட்டிவிட்ட" என்றதோடு சரி; அதிகாரி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார் போலும். கொழுந்தன் சுவர்ப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். அது வலித்தது. என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது, "அவன் ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கிவெச்சுக்குவான். அப்புறம் சரியாப் போவும்" என்றார். என்னை அவர் திட்டுவார் என்று பயந்திருந்தேன். திட்டவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

சனி, திங்கள், செவ்வாய் முழுக்க வேலைத்தளத்தில் இதே பேச்சு. "உக்காரு" என்றதும் அவன் உட்கார்ந்த விதத்தை ஒருத்தி நடித்துக் காட்டுவாள். மற்றவர்கள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். இனிமேல் கூட்டத்தில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். ஜெயித்தவர்கள் நாங்கள். பஸ் மறியலுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

புதன்கிழமை வந்தது. வேலை முடித்துக் குளித்துவிட்டு நாலு மணிக்குச் சந்தைக்குப் போனேன். ஒரு பெருமையோடுதான் போனேன் என்று ஒத்துக்கொள்கிறேன். பாயம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

புங்க மரத்தடி காலியாக இருந்தது.

வெங்காயக்காரரிடம் கேட்டேன். "வெளிய கீறாங்கம்மா, பஸ் ஸ்டாப்புல. வந்து ஒரு மணி நேரமாச்சு. உள்ள வரமாட்டேன்றாங்க" என்றார்.

நிழற்குடைக்குள் அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டும் பக்கத்தில். மூன்றும் கட்டுப் பிரியாமல் இருந்தன. மடியில் மட்டும் ஒரு கட்டைப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்து பையை நீட்டினார்.

"சொல்லிவெச்சவங்க துணி கீதும்மா இதுல. அல்லாத்துலயும் சீட்டு வெச்சிகீறேன். அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ஜிப்பு வெச்சது ரெண்டு. நீயே குடுத்துடு. நான் உள்ள வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"உள்ள வாங்க பாயம்மா. ஏன் இங்க உக்காந்துகினு கீறீங்க?"

"போன வியாழக்கிழமையே போன் பண்ணிச் சொல்ட்டாங்களே. ஊர்ல அல்லாரும் கையெழுத்து போட்டாச்சு, இனிமே வராதன்னு."

போன் செய்தது யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேர் என் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று தெரியும். எனக்குத் தலை சுற்றியது வேறொன்றை நினைத்து. கூட்டம் வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. நடுவில் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். எழுபது பெண்களின் போனிலும் அவர் நம்பர் இருக்கிறது. அவருக்காக வெயிலில் நின்றோம், கை தூக்கினோம், மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கெட்டதைச் சொல்ல ஒரு போன் போயிருக்கிறது. நல்லதைச் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தீர்மானம் விழுந்துவிட்டது என்றேன். கையெழுத்து வாங்கிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் இறக்கிவிட்டுப் போனது.

"அல்லாருமா கை தூக்கனாங்க?"

"அல்லாருமேன்னு சொல்ல முடியாது. ஆனா நெறயப் பேரு."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அஞ்சாறு நாளா வூட்ல சொல்லலம்மா. பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மூட்டையயும் தூக்கிக்கினு வந்தேன். பொண்ணு காலைல கூடக் கேட்டுச்சு, ஏம்மா ஒரு மாதிரி கீறன்னு. காலேஜ நிறுத்திக்கோன்னு இன்னிக்கு ராத்திரி சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"பண்ணியிருக்கணும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் குனிந்து பெரிய மூட்டையின் ஒரு காதைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி. பொழுது போறதுக்குள்ள பிரிக்கணும்" என்றார். நான் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் போனோம்.